1500 வாட்டும் ஒரு மணிக்கட்டும்



ரொம்ப நாளைக்குப் பிறகு கோபத்தோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மணி அடித்த பிறகும் வகுப்பை விடமாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், வருகைப் பதிவேட்டில் ஒன்றும் போடமாட்டேன்.

என் அண்ணன் மகள் திட்டக்குடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். மூன்று வருஷம் ஆகிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு முறைப்படி வாங்கி, டப்பாவில் எண்ணும் ஒட்டித்தான் கொடுக்கிறாள். பிறந்தநாள் கேக், கல்யாண நாள் கேக் என்று பெண்ணாடம், தொழுதூர் வரைக்கும் போகிறது. இப்போது பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர், தினம் அறுபது பன் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வெண்ணெய் தடவிச் சர்க்கரை போட்டுக் கொடுப்பாரே, அந்த பன். நல்ல வாய்ப்பு. ஒரு மாதமாகக் கையாலேயே பிசைந்து கொடுத்துப் பார்த்தாள். போன வாரம் நான் போனபோது வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தாள். டாக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டாராம். சொல்லிக்கொண்டே இடது கையால் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஸ்டாண்ட் மிக்சர் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறாள். சேமிப்பில் பாதிதான் இருக்கிறது, மீதிக்குக் கழுத்துச் சங்கிலியை வங்கியில் வைக்கப் போகிறாள். எது வாங்கலாம் என்று குடும்பக் குழுவில் கேட்டாள். கேட்டது தப்பாகப் போயிற்று.

ஒன்றுவிட்ட அண்ணன் எழுதினார்: "நம்ம அம்மாவெல்லாம் ஆட்டுக்கல்லுல ஆட்டலையா? கைப்பக்குவம் மிஷின்ல வருமா?" தம்பி ஒரு இணைப்பு அனுப்பினான்: "1500 வாட்டு, ஏழாயிரம்தான். இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது." டெக்சாஸிலிருந்து அக்கா மகன்: "சித்தி, பொங்கலுக்கு வர்றப்ப நான் இங்கேருந்தே வாங்கிட்டு வந்துடறேன்." மூன்று பேருமே நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். மூன்றுமே தப்பு.

முதலில் அண்ணனுக்கு. அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆட்டுக்கல்லில் ஆட்டிய அம்மாவை நானும் பார்த்தவள்தான். நாம் பார்த்தது இட்லியை. அவர்கள் தோளை யார் பார்த்தோம்? கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார் என்பார்கள். இன்றைக்குக் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அது நம் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர எத்தனை வருஷம் பிடித்தது! எங்கள் வீட்டுக்கு 1987இல், எனக்கு வந்த சம்பள நிலுவைத் தொகையில் வந்தது. என் மாமியார், "மிஷின் மாவுல ருசி போயிடும்" என்று ஒரு வாரம் இட்லி சாப்பிடாமல் இருந்தார். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு மாவையும் வாங்கிவந்து அதில் போட்டு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே பேச்சு ஊரெல்லாம் ஓடியது. சோம்பேறியாகிவிடுவார்களாம்! சொன்னவர்களில் எத்தனை பேர் அதற்கு முதல் நாள் வரை அம்மி பிடித்தவர்கள் என்று கேட்டால் பதில் வராது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட்டபோது "ஏத்தம் இறைச்ச ருசி நெல்லுல வருமா" என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கைப்பக்குவம் என்ற சொல் சமையலறைக்குள் வரும்போதுதான் இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

அறுபது பன்னுக்குக் கணக்குப் போடுகிறேன். ஒரு பன்னுக்கு 50 கிராம் பிசைந்த மாவு. மொத்தம் 3 கிலோ. தண்ணீர், சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் போக, மைதா மட்டும் ஏறக்குறைய 1¾ கிலோ. சப்பாத்தி மாவு மாதிரி ஒன்று சேர்ந்தால் போதும் என்று இதை விட்டுவிட முடியாது. மைதாவில் இருக்கிற புரதம் தண்ணீர் சேர்ந்து, இழுத்து இழுத்து மடிக்க மடிக்க வலையாகப் பின்னிக்கொள்ள வேண்டும். அந்த வலைதான் ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைக்கிறது. ஒரு துண்டு மாவை விரலால் இழுத்தால் கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சவ்வாக விரிய வேண்டும். கையால் செய்தால் ஒவ்வொரு தடவையும் பதினைந்து, இருபது நிமிஷம். அதுவும் தினமும். இரண்டு நாள் வந்து பிசைந்து பார்த்துவிட்டு அண்ணன் கைப்பக்குவத்தைப் பற்றி மறுபடி எழுதட்டும். மைதா நான் வாங்கி வைக்கிறேன்.

ஆக, அவளுக்கு இயந்திரம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சண்டை எதற்கென்றால் எந்த இயந்திரம் என்பதற்கு. இங்கேதான் தம்பியின் 1500 வாட்டு வருகிறது.

பத்தாம் வகுப்பு அறிவியல் முதல் பாடத்தில் விசையின் திருப்புத்திறன் என்று ஒன்று நடத்தினேனே, யாருக்காவது நினைவிருக்கிறதா? கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று வகுப்பறைக் கதவையே ஆட்டிக் காட்டினேன். மாவு பிசைவதற்கு வேண்டியது அந்தத் திருப்புத்திறன். வாட் என்பது திறன். சுழற்றும் விசையும் சுழலும் வேகமும் சேர்ந்த பெருக்கல். பெருக்கல் தொகையை மட்டும் சொல்லிவிட்டு இரண்டு எண்களையும் மறைத்தால் என்ன தெரியும்? பந்தயக் குதிரையையும் ஏர் மாட்டையும் நினைத்துப் பாருங்கள். குதிரையை ஏரில் பூட்ட முடியுமா? சட்னி மிக்சியின் மோட்டார் வெறுமனே ஓடும்போது நிமிஷத்துக்கு 18,000, 20,000 சுற்று சுற்றும். அது குதிரை. மாவுக் கொக்கி நிமிஷத்துக்கு நூறு சுற்றுக்கு முன்பின்னாகச் சுற்றினால் போதும். ஆனால் கெட்டி மாவு எதிர்த்து நின்றாலும் நிற்காமல் சுற்ற வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து அதை விசையாக மாற்றிக் கொடுப்பது நடுவில் இருக்கிற பல்சக்கரங்கள். காசு போவதும் அங்கேதான், ஏமாற்றுவதும் அங்கேதான்.

இன்னொன்று. பெட்டியில் எழுதியிருக்கிற வாட், இயந்திரம் சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரம். கொக்கியின் முனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அது சொல்லாது. நடுவில் சூடாகவும் இரைச்சலாகவும் போவதெல்லாம் அந்த 1500இல் அடக்கம். வகுப்பில் அதிகம் கத்துகிறவன்தான் அதிகம் படிக்கிறான் என்று நான் மதிப்பெண் போட்டேனா? வீட்டு பேக்கர்கள் பலர் ஆசைப்படுகிற கிச்சன்எய்ட் ஆர்ட்டிசன் 4.8 லிட்டர் மாடலில் எழுதியிருப்பது வெறும் 300 வாட். அதை வாங்கச் சொல்லவில்லை, நம் கணக்குக்கு விலை கட்டாது. 300 எழுதியது பிசைகிறதே, ஏழாயிரம் ரூபாய்க்கு 1500 எழுதியது எதை விற்கிறது என்று தம்பி யோசிக்கட்டும்.

இந்த இயந்திரத்தின் பிறப்பே மாவு பிசைவதற்காகத்தான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஹோபார்ட் என்ற கம்பெனியில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர் இருந்தார். பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். முதலில் பேக்கரிகளுக்குப் பெரிய இயந்திரம் செய்தார்கள், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையலறைக்கும் போயிற்று. 1919இல்தான் வீட்டுக்கென்று சின்னதாக வந்தது. சின்னது என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ எடை! விலை அன்றைக்கே 189 டாலர் 50 சென்ட். பாத்திரம் அசையாமல் நிற்க, கிண்டுகிற கரண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பாத்திரத்தையும் சுற்றி வரும், பூமி தன்னையும் சுற்றிச் சூரியனையும் சுற்றுகிற மாதிரி. அதனால்தான் கோள் பெயர் வைத்து பிளானட்டரி என்கிறார்கள். வாங்கும்போது இது இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் வெறும் பீட்டரை ஒரு தாங்கியில் மாட்டி, "ஸ்டாண்ட்" இருக்கிறது, அதனால் ஸ்டாண்ட் மிக்சர் என்று விற்கிறார்கள். கிரீம் அடிக்க அது ஆகும். பன் மாவைப் போட்டால் அழும்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. மும்பையில் சீமென்ஸ் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்சி இருந்தது. நம் அரைப்புக்குத் தாங்காமல் அது எரிந்துபோனது. இங்கே சரி செய்யவும் வழியில்லை. நீங்களே ஒன்று செய்யக் கூடாதா என்று மனைவி மாதுரி கேட்டதிலிருந்துதான் 1963 வாக்கில் சுமீத் மிக்சி வேலை தொடங்கியது. நம் வீட்டுப் பருப்பையும் தேங்காயையும் மிளகாயையும் அரைப்பதற்கென்றே செய்தது. அம்மியைத் திண்ணைக்கு அனுப்பியது அந்த வகை மிக்சிதான். அந்த அம்மாள் கேட்ட இரண்டு கேள்வியும்தான் இன்றைக்கும் கேள்வி: நம் வேலைக்கு ஆகுமா, கெட்டுப்போனால் இங்கே சரி செய்ய ஆளுண்டா?

இரண்டாவது கேள்விதான் டெக்சாஸ் பிள்ளைக்கு. கண்ணா, உன் பாசம் பெரிசு. ஆனால் உன் ஊர் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கியதை இங்கே அப்படியே சொருகினால் ஒரே புகைதான். நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், அது இன்னொரு செலவு, இன்னொரு சுமை. ஒரு நாள் அவசரத்தில் யாராவது டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு நேராகச் சொருகுவார்கள், அது நிச்சயம். அங்கே கொடுத்த உத்தரவாதத்தை வைத்து இங்கே யாரும் ஸ்குரூ திருகித் தரமாட்டார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள், "எங்க ஊர்ல 230தான் டீச்சர்" என்று கை தூக்காதீர்கள். மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மாற்றிக்கொள்ளலாம், சரி. கியர் உடைந்தால் அதையும் நீங்களே விமானத்தில் கொண்டுவருவீர்களா?

கியர் பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பல்சக்கரம் என்றாலே மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல இயந்திரம் சிலவற்றில் ஒரே ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே மற்றவற்றைவிட மெலிதாக வைப்பார்கள். பாரம் மீறினால் மோட்டார் எரியாமல் அந்தச் சக்கரம் போகட்டும் என்று, ஃபியூஸ் மாதிரி. அதனால் கடையில் கேட்க வேண்டியது, சக்கரம் எதனால் ஆனது என்பதோடு, அந்தச் சக்கரம் தனியாக உதிரியாகக் கிடைக்கிறதா, எங்கே, என்ன விலை என்பதும்தான். விருத்தாசலத்தில் கிடைக்கும் என்றால் அரை நாள். "சென்னைக்கு அனுப்பணும்மா" என்றால் இரண்டு வாரம் டீக்கடைக்கு பன் இல்லை. இரண்டு வாரம் பன் வராவிட்டால் டீக்கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். சங்கிலி மட்டும் வங்கியில் இருக்கும்.

அடுத்து லிட்டர். ஐந்து லிட்டர் பாத்திரம் என்றால் ஐந்து லிட்டர் மாவு பிசையும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இடமெல்லாம் கிரீமும் முட்டையும் பொங்குவதற்கு. பிசையும் மாவுக்கு எல்லை வேறு. கையேட்டில் கொக்கி மாட்டும்போது அதிகபட்சம் எத்தனை கிராம் மாவு என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். எழுதவே இல்லையென்றால் அந்த இயந்திரத்தை நம்பாதீர்கள். எழுதியிருக்கிற எண்ணிலும் முழுதாகப் போடாமல் முக்கால் பங்கு போடுங்கள். அடியில் ஒட்டியிருக்கிற தகட்டையும் திருப்பிப் பாருங்கள். தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓட்டலாம், எத்தனை நிமிஷம் ஓய்வு என்று பலவற்றில் இருக்கும். நம் மிக்சியின் அடியிலும் இருக்கும், நாம் என்றைக்குப் பார்த்தோம்!

இதைக் கேட்டதும் தம்பி, "அப்ப பெரிசா வாங்கிடலாம்க்கா" என்றான். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அவளுடைய அடுப்பு. அவளிடம் இருப்பது 40 லிட்டர் ஓ.டி.ஜி. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பன், அதற்கு மேல் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். அறுபது பன்னுக்கு ஐந்து தடவை. மூன்று கிலோ மாவையும் ஒரே மூச்சில் பிசைந்து வைத்தால் கடைசி இரண்டு தடவைக்கான மாவு காத்திருக்கும்போதே பொங்கி, புளித்து, தொய்ந்துவிடும். சித்திரை வெயிலில் இங்கே ஈஸ்டுக்குப் பொறுமையே கிடையாது. 600 கிராம் மைதாவாக மூன்று தடவை, இடைவெளி விட்டுப் பிசைந்தால் அடுப்புக்கும் ஒத்துவரும், மோட்டாரும் ஆறும். ஆகவே ஒரு கிலோ மாவு வரைக்கும் தாங்கும் என்று எழுதியிருக்கிற, நிதானமாகச் சுற்றுகிற நடுத்தர இயந்திரம் அவளுக்குப் போதும். நாளைக்கு முந்நூறு பன் என்றால் அப்போது வீட்டு இயந்திரமே வேண்டாம். ஓட்டல்களில் வைத்திருக்கிற மாவு பிசையும் இயந்திரம், பெரிய அவன் என்று கணக்கே மாறும்.

வெயிலைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இயந்திரம் பிசையும்போது உரசலில் மாவு சூடாகும். வேகமாகச் சுற்றினால் இன்னும் சூடு. பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மே மாதம் நம் மாடித் தொட்டித் தண்ணீரே அதற்கு மேல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரை ஊற்றி, மெதுவான வேகத்திலேயே பிசைய வேண்டும். மாவையும் தண்ணீரையும் லேசாகக் கலந்து இருபது, முப்பது நிமிஷம் மூடி வைத்துவிட்டால் பாதி வலை தானாகவே பின்னிக்கொள்ளும், பிசைகிற நேரம் குறையும். பிரெஞ்சு ரொட்டி வல்லுநர் ரேமோன் கால்வெல் இதற்கு ஒரு பெயர் வைத்து உலகுக்குச் சொன்னார். நம் பரோட்டா மாஸ்டர் பெயர் எதுவும் வைக்காமல் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு பீடி பிடிக்கப் போய்விடுவார். இரண்டு பேருக்கும் நன்றி. பல்சக்கரத்தின் ஆயுள் இதனால் கூடும்.

எங்கள் தெருவில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை மின்னழுத்தம் இறங்கும். மின்சாரம் விளைகிற நெய்வேலி பக்கத்திலேயே இருந்தும் விளக்கு மினுக்குகிறதே என்று அலுத்துக்கொள்வோம், அது தனிக் கதை. அழுத்தம் குறையும்போது மோட்டார் திணறிக்கொண்டே சுற்றும், அதிகமாகச் சூடாகும். அதனால் அவள் விடியற்காலை நாலரைக்குப் பிசைவதே நல்லது. சுடச்சுட பன்னும் ஏழு மணிக்குக் கடைக்குப் போய்ச் சேரும்.

என்னிடம் படித்த பெண்கள் நாலைந்து பேர் உள்பெட்டியில், "டீச்சர், நானும் கேக் போடறேன், நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேக் மட்டும்தான் என்றால் வாங்காதே அம்மா. இரண்டாயிரம் ரூபாய் சுற்றி விற்கிற கையடக்க பீட்டரே ஒரு கிலோ கேக்குக்குத் தாராளம். நம் ஊரில் பாதி ஆர்டர் முட்டையில்லாத கேக், அதற்கு அடித்து நுரைக்கிற வேலையே இல்லை. கிரீம் நிற்கவில்லை என்றால் குற்றம் பீட்டருடையது இல்லை, வெயிலுடையது. எவர்சில்வர் பாத்திரத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அடியில் ஐஸ் வைத்து அடித்துப் பார். பெரிய இயந்திரத்தில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவைப் போட்டால் சிலவற்றில் கம்பி அடியைத் தொடக்கூடத் தொடாது. கிரைண்டரோடு வருகிற சப்பாத்தி மாவுக் கையை வைத்தும் செய்து பார்த்தேன். சப்பாத்திக்கு நன்றாகவே இருக்கிறது. பன் மாவைக் கலக்குகிறது, இழுப்பதில்லை. மாவு டிரம்மோடு சேர்ந்து ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

சங்கிலி விஷயம். அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீதிப் பணம் நான் தருகிறேன், தினம் விற்கிற பன்னிலிருந்து கழித்துக்கொள்வதாக ஏற்பாடு, வட்டி மாதம் ஆறு பன். அண்ணனும் பங்கு தர விரும்பினால் வரவேற்கிறேன், கைப்பக்குவத்தின் பேரில் அல்லாமல் ரொக்கமாக. தம்பி அந்த ஆஃபர் முடிந்துவிட்டது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு வருத்தத்தோடு எழுதினான். காலையில் பார்த்தேன், மறுபடி "இன்று மட்டும்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை அவளும் நானும் திருச்சிக்குப் போகிறோம். கையில் 600 கிராம் மைதா, அளந்த தண்ணீர் ஒரு பாட்டிலில். கடைக்காரர் முன்னால் வைத்து, பத்து நிமிஷம் பிசைந்து காட்டச் சொல்லப் போகிறேன். இயந்திரம் மேசையில் நடக்கிறதா, தலைப்பகுதி தூக்கித் தூக்கிப் போடுகிறதா, மோட்டார் பக்கம் கை வைக்க முடிகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பார்ப்போம். மாவைக் கிள்ளி இழுத்துச் சவ்வு வருகிறதா என்று அவள் பார்ப்பாள். ஒரு கடையில் முடியாது என்றால் அடுத்த கடை.

உங்களில் யாராவது வீட்டில் ஸ்டாண்ட் மிக்சர் வைத்து ரொட்டியோ பன்னோ போடுகிறவர்கள் இருந்தால், சனிக்கிழமைக்குள் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை வருஷமாக ஓடுகிறது, இதுவரை எது உடைந்தது, அதை எந்த ஊரில் சரி செய்தீர்கள். "சூப்பர் டீச்சர்", கைகூப்புகிற படம் எல்லாம் வேண்டாம். வாட் எவ்வளவு என்றும் எழுத வேண்டாம்.